இல்லாத பிரேக்

புதிதாகக் கற்க வருகிறவர்களைக் கண்டால் சிலருக்கு இளக்காரம் பொங்கும். கார் ஓட்டச் சொல்லித்தரும் வாத்தியாருக்கோ அதுதான் பிழைப்பே, கண்ணுகளா. ஸ்டியரிங்கில் கை நடுங்கினால், “பூனைக்குட்டியையா குளிப்பாட்டுற?” என்பார். வண்டி நடுத்தெருவில் அணைந்து நின்றால், “உனக்கெல்லாம் மாட்டு வண்டியே அதிகம்” என்பார். பக்கத்து இருக்கையில் தனக்கென்று வைத்த தனி பிரேக்கின்மேல் வலது காலைப் போட்டு, உலகமே தன் பாதத்துக்கு அடியில் கிடப்பதுபோல உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் சிக்னலில், அவர் ஏசியதைப் பொறுக்காமல் பைக்கில் வந்த ஒருவன் ஜன்னல் வழியே கையை விட்டு அவர் சட்டையைப் பிடித்தான். ஊரையே கிழித்துத் தோரணம் கட்டும் வாய், கோந்து போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. இரண்டு கையையும் கூப்பிவிட்டார். அன்று பழக வந்து ஸ்டியரிங் பிடித்திருந்த தபால்காரர்தான் மெல்லச் சொன்னார்: “சார், அவன் போயிட்டான். கைய இறக்குங்க.”

அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இனி எவன் கை ஓங்கினாலும் கும்பிடுவதில்லை என்று சபதம் போட்டு, டயர் கடை மாடியில் இருந்த குத்துச்சண்டைக் கூடத்தில் போய்ச் சேர்ந்தார். கையுறை சிவப்பு, காலணி சிவப்பு, தலைக்கவசமும் சிவப்பு. தெரிந்தது மட்டும் ஒன்றுமில்லை.

கோச் ஒரு குள்ளமான பெண். “இடது கால் முன்னாடி. முகவாய் கீழ. கை கன்னத்தோட ஒட்டி இருக்கணும்.”

பக்கத்தில் அதே பாடத்தைப் பழகிக்கொண்டிருந்த தொந்திக்காரர்களைப் பார்த்து வாத்தியார் உதட்டைப் பிதுக்கினார். தன் தொந்தி அவர் கணக்கில் வரவில்லை.

“நிக்கிறதுக்கெல்லாம் ஒரு பாடமாம்மா? எதிர்ல ஒரு ஆள விடுங்க.”

“ஆசைப்பட்டுட்டீங்க, மேடையில ஏறுங்கண்ணே.”

எதிரே ஏறியவள் மருந்துக்கடைப் பெண். அவளை அவருக்கு நினைவில்லை. அவளுக்கு அவரை மறக்க முடியாது. அவரிடம் கார் பழகி, தினம் ஒரு எருமைப் பட்டம் வாங்கியவள்.

“மூக்கத் தொட்டாப் போதும்” என்றாள் கோச்.

அவள் கையுறை முன்னால் நீண்டது. வாத்தியாரின் வலது கால் தொம் என்று தரையை மிதித்தது. மிதித்த இடத்திலேயே கம்பமாக நின்று, குத்தை மூக்கில் வாங்கிக்கொண்டார். மறுபடி கையுறை, மறுபடி தொம், மறுபடி மூக்கு.

“எதண்ணே மிதிக்கிறீங்க? கரப்பான் பூச்சியா?”

“பிரேக்கு கோச்!” என்றாள் மருந்துக்கடைக்காரி, சிரிப்பில் பல்கவசம் தெறித்து விழ. “இந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? பயந்தா மிதிச்சிருவாரு. இங்கதான் வண்டியே இல்லியே சார்!”

கூடமே சிரித்தது. தொந்திக்காரர்கள் கூடுதலாகச் சிரித்தார்கள்.

“அந்தக் காலு அடங்குற வரைக்கும் மேல ஏறாதீங்க” என்று கோச் அவரை இறக்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த வாத்தியார், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் முன் கையைக் கன்னத்தில் வைத்து நின்றார். “தலகாணிய எடு. என் மூஞ்சிக்கு நேரா எறி.”

அவளும் ஒரு காலத்தில் அவரிடம் கார் பழகியவள்தான். பாதி வழியில் சாவியை அவர் மடியில் விட்டெறிந்து, நடந்தே வீடு வந்தவள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எறிந்தாள்.

தொம்.

“என்னங்க, பூனைக்குட்டியையா குளிப்பாட்டுறீங்க?”

“எறிடி!”

தொம்.

“உங்களுக்கெல்லாம் மாட்டு வண்டியே அதிகம்.”

கீழ்வீட்டுக்காரர் கழியால் கூரையை இடித்தார். வாத்தியாரின் முகம் சிவந்து, மூக்கு ஒழுகியது. கை மட்டும் கன்னத்தைவிட்டு அசையவில்லை, கும்பிடக் குவியவும் இல்லை. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

“கை பரவால்ல. காலுதான் மக்கு” என்றவள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சோபாவின் பெரிய மெத்தையைத் தூக்கினாள். “ம், நிமிந்து நில்லுங்க.”