ஒளித்து வைத்த மாதம்

...தலையை ஆட்டிவிட்டேன், "திகதி சரியாத்தானே பிள்ளை சொன்னனீங்கள்?" என்று டாக்டர் புஷ்பராணி காலையில் கேட்டபோது ஆமாம் என்று பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டிவிட்டேன், வாயைத் திறந்திருந்தால் உண்மை வந்திருக்குமோ என்னவோ... டாக்டரம்மா உடனே போகவில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு என் பிள்ளையின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார், ரேகை இவ்வளவு ஓடியிருக்கு, நகமும் வளர்ந்திருக்கு, மாசம் குறைஞ்ச பிள்ளை மாதிரித் தெரியேல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், சிலோன்காரர் தமிழ், அதிர்ந்து பேசத் தெரியாது, அதட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன், அந்த மெதுவான பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. இப்போது மணி நாலு. நாலரைக்குப் பார்க்க விடுவார்கள், வீட்டுக்காரர் வருவார், அதற்குள் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்தாக வேண்டும்.

சின்னக் கண்ணாடிக் குவளையில் பாலைப் பீய்ச்சுகிறேன், அரை மணி நேரமாக, அடியில் ஒரு விரல்கூட ஏறவில்லை, இதையும் குழாய் வழியாகத்தான் விடுவார்கள், உறிஞ்ச அவனுக்குத் தெம்பில்லை. பிறந்து மூன்று நாள், ஒன்றேமுக்கால் கிலோ, அரிசி வாங்கும்போது இதைவிடக் கனமாகத் தூக்கியிருக்கிறேன். மூன்று நாளாக மாமியார் வீரம்மா வந்து எட்டிப் பார்க்கவில்லை. "ஏழுல பொறந்தா தப்பிச்சிரும், எட்டுல பொறந்தா நிக்காது, யாரும் மனச ஒட்ட விட்டுறாதீங்க" என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். கெட்டவள் இல்லை, சிம்பாங் பூலாய் தோட்டத்தில் கூலிக்காரர் லயத்து வீட்டில் எட்டாம் மாசம் ஒன்றைப் பெற்று ஐந்தாம் நாள் புதைத்தவள், பயப்படுகிறாள். அவள் பயம் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. வருகிறார், ரசம் கொண்டு வருகிறார், கண்ணாடிக்கு வெளியே நின்று பிள்ளையைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார், சூராட் பெரனாக் எடுக்கணுமே, பிறப்புப் பத்திரத்தில் என்ன பெயர் போடலாம் என்று கேட்டால் "பாப்போம்லா" என்கிறார். பார்ப்போமாம், எதைப் பார்ப்பது, போய்விடுகிறதா என்றா? ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், இது எட்டு மாசப் பிள்ளை இல்லை, ஒன்பது மாசமும் முடிந்து பிறந்தது என்று, எல்லாரும் ஓடி வருவார்கள். சொல்லத்தான் நாக்கு எழவில்லை, முழு மாதம் சுமந்து ஒன்றேமுக்கால் கிலோ பெற்றேன் என்றால் குறை யாருடையது? மாதத்தின் மேல் போட முடியாதே, என் வயிறல்லவா பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறது...

பொய் சொல்வதற்கென்று நான் போகவில்லை. முதல் இரண்டும் மூன்றாம் மாசத்திலேயே கலைந்துவிட்டன, இரண்டு தடவையும் ஊரெல்லாம் சொன்ன வாய்கூடக் காயவில்லை, அதனால் இந்தத் தடவை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். புந்தோங் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி ஊருக்கே கேட்கிற மாதிரி "கடைசியா எப்ப தூரமானே?" என்றாள், பக்கத்தில் எங்கள் தெருக் கருப்பம்மாள், காது இரண்டும் என் பக்கம். தைப்பூசத்துக்கு முதல் வாரம், அதுதான் நிஜம். ஒரு மாதம் தள்ளிச் சொன்னேன். நம் பெண்கள் எல்லாரும் செய்வதுதானே, ஆறு என்றால் ஐந்து என்பார்கள், கண்ணு பட்டுவிடக் கூடாதென்று, ஆனால் அவர்கள் அண்டை அயலிடம் சொல்வார்கள், நான் ஒருத்திதான் மிஸ்ஸியிடமும் சொல்லி, வீட்டுக்காரரிடமும் அதையே சொல்லி... அடுத்த மாதம் திருத்தியிருக்கலாமே? எப்படித் திருத்துவேன், பொய் சொன்ன பிறகுதான் இது தங்கியது, அதில் கை வைக்கலாமா?

அஞ்சாம் மாதம் டேப்பை வைத்து அளந்த மிஸ்ஸி, பெருசா இருக்கே, ரெட்டைப் பிள்ளையா என்று சிரித்தாள், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு தடவை, "இப்ப மாசத்துக்குச் சரியா இருக்கு" என்றாள். அப்பாடா என்றிருந்தது, நிம்மதியாக நாலு தோசை சாப்பிட்டேன் அன்றைக்கு. பெரிதாக இருந்த வயிறு எப்படிச் சரியானது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அது சரியாகவில்லை, நின்றுபோயிருந்தது, உள்ளே ஒருத்தன் வளராமல் கிடந்தான். உதைப்பதும் குறைந்தது, சாதுப் பிள்ளை என்று பெருமைப்பட்டேன். நான் வேலை செய்யும் பெக்டரியில் வயிறே தெரியலயே என்றார்கள், அதற்கும் பெருமை, பாவி...

வந்துவிட்டார், ரசத் தூக்கைக் கட்டிலில் வைத்து, "சாப்பிட்டியா நவமணி?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அந்தச் சுவரைப் பார்த்ததில்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. "இங்க பாருங்க, அது எட்டு மாசம் இல்ல, முழு மாசம், நான்தான் ஒரு மாசம் மறச்சுச் சொன்னேன்" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். என்னையே பார்த்தார், கேட்கப் போகிறார், அப்புறம் ஏன் இத்தனூண்டு என்று கேட்கப் போகிறார் என்று குவளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்... "முழு மாசமா? சத்தியமா? அப்ப நின்னுரும்லா!" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை, "அம்மாவக் கூட்டிட்டு வாரேன், இப்பவே" என்று வாசலுக்கு ஓடினார், எதிரே வந்த டாக்டரம்மாவிடம், கேட்காமலேயே, "டாக்டர், முழு மாசப் பிள்ளையாம்!" என்று கத்திவிட்டுப் போனார்.

டாக்டரம்மா என் கட்டிலருகே வந்து நின்று, கோப்பிலிருந்து கிளினிக் அட்டையை எடுத்தார், பழைய திகதியை அடித்து, நான் சொன்ன புதியதை எழுதினார், பிறகு விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. திட்டப் போகிறார், திட்டட்டும், யாராவது திட்டினால் நன்றாயிருக்கும் என்று காத்திருந்தேன். அட்டையை மூடிவிட்டு, "இனி வளரும் பிள்ளை, பாலைத் தாங்கோ" என்று கையை நீட்டினார், கொடுத்தேன். எந்த வரி அது என்று கேட்கவில்லை, கேட்டால் சொல்லியிருப்பார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அவன் வளராமல் நின்றதைக் கண்டுபிடித்துக் கவனிக்க எத்தனை வாரம் கையில் இருந்தது என்று அப்போதே தெரிந்திருக்கும். மாமியார் வருவாள், பெயர் வைப்பார்கள், யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் குட்டைப் பிள்ளைகளை வரிசைக்கு முன்னால் நிறுத்துவார்களே, அங்கே அவன் முதல் ஆளாக நிற்கும்போது நான் வேலிக்கு வெளியே நின்று அந்த வாரங்களை எண்ணிக்கொண்டிருப்பேன்.