தகவல் சொல்ல ஒரு ஆளு

விடிஞ்சதும் ரெண்டு பொம்பளைப் போலீஸ் வந்து கதவைத் தட்டுனாக. முந்தின நாள் சாயங்காலமே வந்திருப்பாகளாம், இருட்டுன பெறகு பொம்பளையைக் கைது பண்ணக் கூடாதுன்னு சட்டமாம். கம்பத்துல எங்க தெருவே வாசல்ல நின்னு வேடிக்கை பாத்துச்சு. ஒருத்தியாவது "கருத்தம்மாக்காவை எங்க கூட்டிட்டுப் போறீக?"ன்னு கேக்கணுமே, ம்ஹூம். தொலைஞ்சா சரின்னு நின்னாளுக. போங்கடின்னு நானும் நிமிந்துதான் வண்டியில ஏறுனேன்.

தூக்குச்சட்டியை எறிஞ்சது நான்தான், இல்லைங்கல. அது பக்கத்து வீட்டு அன்னத்தாய் நெத்தியைப் பொளந்துருச்சு. நாங்க ரெண்டு பேரும் மலைக்கு மேல ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஒரே ஜீப்புல கூலிக்குப் போறவுக. அன்னைக்குச் சோத்தைக் கட்டிக்கிட்டு வெளிய வந்தா, ஜீப்பு போயிருச்சு. "கருத்தம்மா இன்னைக்கு வராது"ன்னு டிரைவர்கிட்டச் சொன்னது அன்னத்தாயாம். என் பொழப்புல கை வைக்க இவ யாருங்கிறேன்! பகல் பூராம் பொருமிக்கிட்டே கெடந்தேன். சாயங்காலம் அவ ஜீப்பை விட்டு இறங்குனதும், காலையில கட்டுன சோத்தோட அப்படியே வீசிட்டேன்.

ஸ்டேசன்ல எதிர் பெஞ்சியில தலையில கட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா அன்னத்தாய். எழுதுற மேசையில ஃபர்ஹீன்னு ஒரு ஏட்டம்மா, உத்தமபாளையத்துப் புள்ளை.

"ஆத்தா, உங்களை எதுக்குக் கைது பண்ணியிருக்கோம்னு உங்ககிட்டச் சொல்லணும்"னு சொல்லிட்டு, அன்னத்தாய் குடுத்த புகாரை வாசிச்சாக. ராத்திரி பூராம் நான் இருமுனது செவுத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சாம். ஒரு நாளாவது படுத்திருக்கட்டும்னுதான் ஜீப்பைப் போகச் சொன்னாளாம்.

"அடேங்கப்பா, கரிசனத்தைப் பாரு! எம்புட்டு நடிப்பு!"ன்னு கத்துனேன். அன்னத்தாய் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏட்டம்மா அடுத்தடுத்துச் சொன்னாக. வக்கீல் வச்சுக்கிட எனக்கு உரிமை இருக்காம். காசு இல்லாட்டி இலவசமா வச்சுத் தருவாகளாம். டாக்டர்கிட்டக் காட்டணுமாம். ஒரு நாளைக்கு மேல அவுகளா வச்சிருக்கக் கூடாதாம், மாஜிஸ்திரேட் முன்னால கொண்டு போய் நிறுத்தணுமாம். பெத்த மகன் விசாரிக்காததை எல்லாம் சர்க்கார் விசாரிக்குதேன்னு எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

"இன்னும் ஒண்ணு. உங்களை இங்கன வச்சிருக்கோம்னு உங்க ஆளு ஒருத்தருக்குச் சொல்லணும். யாருக்குச் சொல்ல?"

மகன் வேல்பாண்டி திருப்பூர்ல இருக்கான். மருமகளை நான் வாய்க்கு வந்தபடி பேசுனதுல இருந்து பேச்சுவார்த்தை இல்லை. நம்பரைக் குடுத்தேன். மணி அடிச்சுச்சு, கட் பண்ணுனான். மறுபடி அடிச்சா, சுவிட்ச் ஆஃப். அண்ணன் மக சுபாஸ்ரீ நம்பரைக் குடுத்தேன். என் பேரைச் சொன்னதுமே "ராங் நம்பர்"னு வச்சுட்டா.

"வீட்டுக்காரரு?"

"போட்டோவுல இருக்காரு. மாலை போட்டு மாட்டியிருக்கேன். யாரும் இல்லைன்னு எழுதிக்க தாயி."

"அப்படி விட்ற முடியாது ஆத்தா. நாங்க பிடிச்சுட்டு வந்தது வெளிய ஒருத்தருக்காவது தெரியணும். காணோமேன்னு தேடி வர ஒரு ஆளு வேணும்ல?"

வக்கீல் இல்லைன்னா வக்கீலைக் குடுக்குறாக, டாக்டரைக் குடுக்குறாக. தேடி வர ஆளை மட்டும் நான்தான் கொண்டாரணுமாம். எங்க போவேன்? தெரு முச்சூடும் ஒவ்வொரு வீடா நெனைச்சுப் பாத்தேன். நான் வையாத வீடு ஒண்ணு இல்லை. செத்துக் கெடந்தாக்கூட நாத்தம் வந்த பெறகுதான் எட்டிப் பாப்பாக. பொசுக்குன்னு கண்ணு கலங்கிருச்சு. அது வெளிய தெரியக் கூடாதுன்னு இன்னும் சத்தமாக் கத்துனேன்.

"அந்தா உக்காந்திருக்கால்ல, அவ பேரை எழுது! நான் இருமுனாலும் தும்முனாலும் முதல்ல தெரிஞ்சுக்கிடுறது அவதானே!"

ஏட்டம்மாவுக்குத் திகைப்பு. "அவுக புகார் குடுத்தவுக ஆத்தா."

"புகார் குடுத்தவளுக்குச் சொல்லக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?"

ஏட்டம்மா உள்ள போய் இன்ஸ்பெக்டர் அய்யாகிட்டக் கேட்டுட்டு வந்தாக. கூடாதுன்னு எங்கயும் இல்லையாம், ஆனா இதுவரைக்கும் இப்படி யாரும் கேட்டதில்லையாம். அன்னத்தாய்கிட்ட, "உங்க பேரைப் போடலாமா? சொந்தமா, சிநேகிதமா?"ன்னு கேட்டாக.

"ரெண்டும் இல்லை"ன்னா அவ, வெடுக்குன்னு. "கேஸை வாபஸ் வாங்க மாட்டேன், அதை முதல்ல சொல்லிப்புடுறேன். பேரை வேணும்னா போட்டுக்கங்க."

முறைன்னா முறைதான் போல. ஏட்டம்மா எந்திரிச்சு அவ முன்னால போய் நின்னு, பேப்பரைப் பாத்து வாசிச்சாக. "உங்களுக்குத் தெரிந்த கருத்தம்மாள் என்பவரைக் கைது செய்து, இந்தக் காவல் நிலையத்தில் வைத்திருக்கிறோம்."

பிடிச்சுக் குடுத்ததே அவதான். ஆனா அதைக் கேட்டதும் அவ மூஞ்சி மாறிப் போச்சு. தலைக்கட்டை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னா.

"எப்ப விடுவீக?"ன்னு கேட்டா.