தெருமுனையில் நின்ற ஓட்டம்

அன்று குரும்பலூர் காலனித் தெருமுனையில் இருந்தவர்கள் இவர்கள்: வெற்றிச்செல்வியின் பெரியப்பாவும் ஓய்வுபெற்ற ஆசிரியருமான பூமாலை, அவர் மனைவி மலர்க்கொடி, வெற்றிச்செல்வியைப் பெற்ற கலியம்மாள், அவள் தம்பி மனைவி ஜோதி, தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர், ஓடி வருகிறவர்களுக்கு வழிகாட்ட நிறுத்தப்பட்டிருந்த பெரம்பலூர் மெடிக்கல் கடைக்காரர் சுதர்சன். இவர்களைத் தவிர நானும் பார்த்தேன் என்று யார் சொன்னாலும், அவர் பார்க்கவில்லை.

வெற்றிச்செல்விக்கு முப்பத்தெட்டு வயது. மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. அவள் கலந்துகொண்ட போட்டிக்கு ட்ரையத்லான் என்று பெயர். ஒரே நாளில் இரண்டு கிலோமீட்டர் நீந்தி, தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்குமேல் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். மதியம் மூன்று மணிக்குள் பெரம்பலூர் மைதானத்தின் எல்லைக்கோட்டைத் தொட்டால்தான் முடித்ததாகக் கணக்கு. ஒரு நிமிடம் தப்பினாலும் பெயருக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று போட்டுவிடுவார்கள்.

போன வருடம் அப்படித்தான் போட்டார்கள். சைக்கிளை விட்டு இறங்கும்போதே நேரம் கடந்துவிட்டது என்று கயிற்றைக் கட்டி நிறுத்திவிட்டார்கள். மறுநாள் ஆபீசில், "என்னங்க மேடம், பாதியில கரண்ட் கட்டாயிருச்சாமே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். இந்த வருடம் முழங்கால் படத்தைப் பார்த்த டாக்டர் சிரிக்கவில்லை. "இதோட நிறுத்திக்குங்கம்மா. அடுத்த வருஷம்னு ஒண்ணு உங்க காலுக்கு இல்ல" என்றார். ஆக, அவளுக்கு இருந்தது இந்த ஒரு நாள்தான்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளம் ஒன்றில் விடியற்காலையில் நீச்சல். பச்சைத் தண்ணீர், அடி தெரியாத ஆழம். வெற்றிச்செல்வி நீச்சல் கற்றது அடுத்தவர் கிணற்றில். தாய் களையெடுக்கப் போன காட்டில், கிணற்றுக்காரர் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து இறங்கி, யாரும் வருவதற்குள் ஏறிவிட வேண்டும். அந்த அவசரம் அவள் கையை விட்டு இன்னும் போகவில்லை. யாரோ மேலே நின்று கூப்பாடு போடப்போகிறார்கள் என்பதுபோலவே நீந்தினாள். கரையேறும்போது அவளுக்குப் பின்னால் பாதிப்பேர் தண்ணீரில் இருந்தார்கள்.

சம்பாதித்ததைச் சைக்கிளில் தொலைத்தாள். கீழப்பழுவூர் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். டியூப் மாற்றி எழுவதற்குள் எத்தனையோ பேர் கடந்து போனார்கள். செந்துறை ரோட்டில் எதிர்க்காற்று. கல் ஏற்றிய லாரிகள் உரசினாற்போல் போய், பல்லிடுக்கெல்லாம் மண்ணை நிறைத்துவிட்டுப் போயின. பெரம்பலூரில் சைக்கிளை நிறுத்தியபோது கணவன் சக்தி கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"கயிறு கட்டலியா?" என்றாள்.

"கட்டல. ஓடு புள்ள. நின்னு பேசாத."

ஓடினாள். குரும்பலூர் வரை போய்த் திரும்ப வேண்டும். உச்சி வெயில். தார் ரோடு ஷூவின் அடியைத் தாண்டிச் சுட்டது. முழங்காலுக்குள் யாரோ பல்லைக் கடிப்பதுபோல் இருந்தது. போகும்போது மெயின் ரோடு. வரும்போது கடைவீதி நெரிசல் என்று காலனித் தெரு வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். திரும்பும் இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இதே ஓட்டம் ஓடினால், சில நிமிடம் முன்னதாகவே போய்விடலாம்.

அந்தத் தெருவுக்குள் வெளி ஊர்க்காரர்கள் ஓடி வருவது அதுதான் முதல் முறை. ஊர் மாரியம்மன் கோயில் பால்குடம் மெயின் ரோட்டோடு திரும்பிவிடும்; காலனிக்குள் வராது. பால்குடம் சுமந்து வெறுங்காலோடு வருகிறவர்களின் பாதத்தில் வாசலுக்கு வாசல் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது இந்தப் பக்கத்து மரியாதை. காலனிப் பெண்கள் தங்கள் கோயில் பால்குடத்துக்கு மட்டுமே ஊற்றி வந்தவர்கள். அன்றைக்கு, தங்கள் வீட்டுப் பெண்ணும் வருகிறாள், அவளோடு வெயிலில் ஓடிவரும் எல்லோருக்கும் ஊற்றுவோம் என்று மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் குடம் குடமாகக் கொண்டுவந்து தெருமுனையில் நின்றார்கள். ஏற்பாடு கலியம்மாளுடையது. பூமாலை வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்று அதற்கு ஒப்புதல் தந்திருந்தார்.

வெற்றிச்செல்வி தெருவுக்குள் திரும்பும்போது அவளுக்கு முன்னால் சென்னைக்காரர் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். ஜோதி குடத்தைச் சாய்த்தாள். அவர் இரண்டு கையையும் வீசி, "வேணாம், வேணாம்" என்று கத்தி, சாக்கடையைத் தாண்டிக் குதித்து, தெருவின் அந்த ஓரமாகப் போய்விட்டார். தண்ணீர் வெறும் மண்ணில் கொட்டியது. அங்கே ஏற்கெனவே மஞ்சளாக நிறைய ஈரம். ஒன்றிலும் காலடி இல்லை.

ஷூ நனைந்தால் பாதம் கொப்பளித்துவிடும். அதற்குப் பயந்துதான் அவர்கள் ஒதுங்கினார்கள். வெற்றிச்செல்விக்கு அது தெரியும். ஆனால் பெரியம்மா மலர்க்கொடி சொன்னதும் அவள் காதில் விழுந்தது.

"பாத்தியாடி? நம்ம தண்ணிய மிதிக்கக்கூட மாட்டாங்களாம்."

"விடுங்கத்த. படிச்சவங்க" என்றாள் ஜோதி.

"படிச்சா? படிச்சா மட்டும் மாறிருமாக்கும்?"

பூமாலை துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பெண்கள் குடங்களை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார்கள். ஒருத்தி வீட்டுப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள். கலியம்மாள் மகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, குடத்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

"போ ஆயி, போ. நேரமாவுதுன்னு சுதர்சன் தம்பி சொல்லுச்சு. நீ போயிரு."

வழி காலியாகத்தான் இருந்தது. வெற்றிச்செல்வி நாலு அடி தாண்டியும் போய்விட்டாள். பிறகு நின்றாள்.

"ஏம்மா குடத்த வச்சுட்ட? எடு. ஊத்து."

"மேடம், நிக்காதீங்க!" என்றார் சுதர்சன். "இப்பவே இழுபறியா இருக்குங்க. ஓடிக்கிட்டே வாங்கிக்குங்க."

செருப்புக் காலில் ஊற்றும் வழக்கம் இல்லை. அவளுக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஷூவைக் கழற்றக் குனிந்தாள். குனிந்ததும் இரண்டு தொடையும் கல்லாக இறுகிக்கொண்டன. அம்மா என்று கத்திவிட்டாள். ஜோதி ஓடிவரப் பார்த்தாள்.

"தொடாத ஜோதி! யாராச்சும் தொட்டா என்னைய வெளிய அனுப்பிருவாங்க."

தரையில் உட்கார்ந்து, ஷூ நாடாவைப் பிடுங்கி, காலுறையோடு கழற்றி வீசினாள். இரண்டு நகம் கறுத்திருந்தது. கையை ஊன்றி அவளாகவே எழுந்து நின்றாள். கலியம்மாள் ஊற்றினாள். பிறகு மலர்க்கொடி, ஜோதி, மற்றவர்கள். வீட்டுப் பக்கம் போனவளும் திரும்பி வந்து ஊற்றினாள். யாரும் குலவை போடவில்லை. மஞ்சள் தண்ணீர் சூடான பாதத்தில் இறங்கியபோது சுகமாக இருந்தது என்று எழுத முடியாது. தோல் உரிந்த இடமெல்லாம் எரிந்தது. அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஈரக்காலில் உறை ஏறவில்லை. வீங்கிய பாதம் ஷூவுக்குள் போகவில்லை. சுதர்சன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன்பிறகு வெறுங்காலோடு அவள் ஓடியது ஓட்டம் இல்லை. வழியில் வரும் துறைமங்கலம் போர்டு கண்ணில் படவே இல்லை என்று நினைத்தாள், எப்போதோ தாண்டியிருந்தாள். மைதானத்துக்குள் நுழைந்தபோது எல்லைக்கோட்டில் நின்ற காற்றடைத்த வளைவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தின் ஒயரைப் பிடுங்கியிருந்தார்கள். தொப்பி போட்ட ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"மூணு மணியோட முடிஞ்சிருச்சுங்க மேடம். சாரிங்க."

"எவ்ளோ லேட்டுங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க."

பதக்கங்கள் இருந்த அட்டைப்பெட்டியை வேனில் ஏற்றினார்கள். சக்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஏன் லேட் என்று அவன் கேட்டிருந்தால் அழுதிருப்பாள். கேட்காததால் கழிவறைக்குப் போய்த் தனியாக அழுதாள்.

சாயங்காலம் காலனி வீட்டில் கலியம்மாள் வெந்நீர் வைத்து மகளின் காலை அதில் இறக்கினாள். தண்ணீர் லேசாக மஞ்சளானது.

"தண்ணி ஊத்துனதுனாலதான ஆயி?"

வெற்றிச்செல்வி மற்றக் காலையும் தண்ணீருக்குள் வைத்தாள். அப்படியே ஓடியிருந்தால் முடித்திருப்பாள். முடித்துவிட்டு இதே வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆறுதலாக இல்லை. இணையத்தில் அவள் பெயருக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று இரண்டாவது முறையும் ஏறியது. முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். சைக்கிளைச் சக்தி விற்றுவிட்டான்.

குரும்பலூர்க் கடைவீதியில் இன்றைக்கும் ஒரு பேச்சு ஓடுகிறது. காலனிப் பொம்பளைகள் குடத்தோடு ரோட்டை மறித்து, ஓடிவந்த பெண்ணைப் பிடித்து நிறுத்திக் காரியத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். அது பொய். யாரும் மறிக்கவில்லை. குடங்கள் தரையில் இருந்தன. அவள்தான் நின்றாள்.