ஓம் சொன்ன சேர்வர்

காத்தான்குடி ஆற்றங்கரைக் குளிரறையில் அழுகிய இறாலின் நாற்றம் நெட்வேர்க் கேபிள் வழியாகப் போய்க் கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இறங்கியது. வழியில் ஓட்டமாவடியிலோ பொலன்னறுவையிலோ யாருக்கும் மணக்கவில்லை. கேட்டவருக்குத்தானே பதில் போகும்.

அந்தக் குளிரறைக்கான புரோகிராமை லினக்ஸ் சேர்வரில் எழுதியவள் ரிப்கா. கொழும்பிலிருந்து அதைக் கண்காணிக்க வசதி கேட்டார்கள், சேர்த்துக் கொடுத்தாள். கொழும்பு "இருக்கிறாயா?" என்று கேட்கும், சேர்வர் "ஓம்" என்னும். இந்தப் பக்கத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் ஓம், ஓம் என்று சொல்வது, பேச்சு காதில் விழுகிறது என்று காட்டத்தான். எல்லாம் நல்லபடி என்று யாரும் எடுப்பதில்லை. கொழும்பு அப்படி எடுத்தது. திரையில் பச்சை எரிந்தது. குளிரின் அளவையும் பதிலில் சேர்க்கவேண்டும் என்று ரிப்கா தொண்டை வற்றச் சொன்னாள். "பச்சை வருதுதானே தங்கச்சி, பிறகென்ன?" என்று கொழும்பு மனேஜர் உதயரூபன் வாயை அடைத்தார்.

குளிரூட்டி நின்றுபோனது. சேர்வர் ஓம் சொல்லிக்கொண்டே இருந்தது. ரிப்கா அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடும் இப்றாஹிம் வாவியில் பிடித்து அங்கே வைத்த இறாலெல்லாம் அழுகியது. குளிரறைக் கம்பனி திரையின் பச்சையைக் காட்டி, அவர் கொண்டுவந்ததே அழுகல் என்று ஊரறியச் சொன்னது. அவருடைய தோணி கரைக்கு வந்தால் வியாபாரிகள் முகத்தைத் திருப்பினார்கள். தான் எழுதிய ஒரு சொல்லைப் பிடித்து ஒரு மனிசனின் பேரைக் கெடுத்துவிட்டார்களே என்று ரிப்காவால் பொறுக்க முடியவில்லை.

நாற்றம் புறப்பட்டது அடுத்த கிழமை. ஒவ்வொரு ஓமுக்கும் ஒரு வீச்சு. கொழும்பில் யன்னல்களைத் திறந்தார்கள், மேசைகளைக் கழுவினார்கள், கடைசியில் உதயரூபனை ரிப்காவிடம் அனுப்பினார்கள். மூக்கை லேஞ்சியால் பொத்திக்கொண்டு வந்தார்.

"நாத்தத்த நிப்பாட்டுங்க தங்கச்சி."

"இப்றாஹிம் காக்காட இறால் எங்க அழுகினது சேர்?"

"அது இப்ப எதுக்கு?"

"அப்ப மணந்துக்கிட்டே இரிங்க."

நோன்பு வந்தது, பெருநாளும் போனது. கொழும்பில் ஆட்கள் வேலையை விட்டு ஓடத் தொடங்கியபிறகுதான், விரும்பியதைச் செய் என்று இறங்கி வந்தார்கள். ரிப்கா பதிலில் குளிரின் அளவைச் சேர்த்தாள். அதன்கீழ், "இப்றாஹிமின் இறால் இந்தக் குளிரறையில்தான் அழுகியது" என்றும் சேர்த்தாள். திரையில் அந்த வரி சிவப்பாக ஏறியதும் நாற்றம் நின்றது. உதயரூபன் யாருக்கும் தெரியாமல் அதை அழித்துப் பார்த்தார். அன்று அலுவலகத்தில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. திரும்பவும் போட்டுவிட்டார்.

வரி இன்றைக்கும் ஓடுகிறது, குளிரறைக்கு வருகிறவர்கள் பார்க்கும் வாசல் திரையிலும்தான். அது ஏன் என்று புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்டால், அது அப்படித்தான், கை வைக்காதே என்கிறார்கள். வியாபாரிகள் இப்றாஹிமின் தோணிக்காகக் கரையில் நிற்கிறார்கள். கம்பனியின் லொறியும் நிற்கிறது. அதற்கு மட்டும் அவர் ஒரு இறால்கூடக் கொடுப்பதில்லை.