கவிழ்த்த குடம்

…இன்னும் எத்தனை பேரைத்தான் கட்டிக்கொண்டு அழுவது, காலையிலிருந்து ஒன்பது கூட்டமோ பத்தோ, திருப்புட்குழிக்காரர்கள் எழுந்தால் அடுத்த ஊர்க்காரர்கள், வருகிற பெண்களெல்லாம் வட்டமாக உட்கார்ந்து தோளில் கை போட்டு ஒப்பாரி வைக்கிறார்கள், ஒவ்வொரு வட்டத்திலும் என்னை இழுத்து உட்கார வைத்துவிடுகிறார்கள், செத்துப்போன செல்லம்மாளுக்கு ஒரே தங்கச்சி நான்தானே… எனக்கானால் அழுகையே வரவில்லை, கூட்டத்தில் எனக்கு எதுவும் வராது, தலைதான் விண்விண்ணென்று தெறிக்கும். "இன்னாடி கோவிந்தம்மா, கல்லாட்டம் குந்திக்கினு கீற? கூடப் பொறந்தவதானே?" என்று ஜெயம்மாள் அத்தை எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். அக்கா இருந்தால் அத்தையை வாங்கு வாங்கு என்று வாங்கியிருப்பாள்… அக்கா வாசலில் பெஞ்சியில் கிடந்தாள், பாழாய்ப்போன மஞ்சள் காமாலை.

அதனால்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு கழனியில் இந்த பம்ப்செட் கொட்டகைக்கு வந்துவிட்டேன், குடம் அக்கா கற்றுக்கொடுத்த தந்திரம். அண்ணனுக்கு அவளும் தம்பிக்கு நானுமாக ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டோம், அவளுக்கு எந்நேரமும் நாலு பேர் வேண்டும், உத்திரமேரூர் சந்தைக்குப் போனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் நாத்தனார் சண்டைவரை கேட்டுக்கொண்டு, போனதைவிடத் தெம்பாகத் திரும்புவாள், நான் ஒரு வளைகாப்புக்குப் போய்வந்தால் மறுநாள் முழுக்கத் தனியாகக் களை பறித்தால்தான் உயிர் திரும்பும்… என் முகம் வாடுவது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். "கோவிந்து, குடத்துல தண்ணியே இல்லியேடி, போய் எத்துக்கினு வா" என்பாள், இருந்த தண்ணீரை அவளே கொல்லையில் கவிழ்த்திருப்பாள். எங்கே உன் தங்கச்சி என்று யாராவது கேட்டால், "மாடு கூட அசை போட ஒதுங்குது, அவ ஒதுங்கக் கூடாதா? வந்துடுவா" என்பாள். அரைமணி கழித்து அவளே இங்கே வந்து தோளைத் தொடுவாள், "போதும் வாடி."

மேளம் தெருக்கோடிக்குப் போகிறது… தாமலிலிருந்து எங்கள் மாமன் கோடிப்புடவை கொண்டுவருகிறார் போலிருக்கிறது, காலையிலிருந்து கோடி கொண்டு வருகிறவர்களை எதிர்கொண்டு அழைக்க நாலு தரம் போன மேளம் நாலு தரமும் திரும்பி வந்தது. மாமன் கோடி போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள், பிறகுதான் வாய்க்கரிசி, அதை மட்டும் நான் போட்டாக வேண்டும், கடைசி மூன்று நாள் அவளுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை, என் கையால் ஒரு பிடி அரிசியாவது… நேரம் இருக்கிறது, கொஞ்சமே கொஞ்சம். இங்கே யாருமில்லை, அழுகை வந்துவிட்டது, மோட்டார் மேல் தலையை வைத்துக்கொண்டு அக்கா, அக்கா என்று வாய்விட்டு, எவ்வளவு நேரமோ…

மேளம் ஏன் ஏரிக்கரையில் கேட்கிறது? சுடுகாடு அல்லவா அந்தப் பக்கம்? அரிசி போட என்னைக் கூப்பிடாமல் எப்படி… கூப்பிட்டிருப்பார்கள், கொல்லையில் தேடியிருப்பார்கள், இங்கே வரத் தெரிந்தவள் அவர்களில் யாரும் இல்லை. தெரிந்தவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவள் வந்து தோளைத் தொடட்டும் என்றா, பாவி, இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன்?