பத்து யூரோ மேசைக்கு இறங்கியது

செல்வமலர் தாங்கள் குடியிருக்கும் சீசா பகுதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூன்று மாடி ஏறி வீட்டுக்குள் வந்தபோது, அவள் கணவன் ஜோக்கிம் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் அவன் தானாகப் பாத்திரம் கழுவியது இரண்டு தரம். இரண்டு தரமும் ஏதோ பிழை விட்டிருந்தான்.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

"தொளாயிரம்."

இணையத்தில் போக்கர் விளையாடத் தொடங்கியது அவன்தான். மொண்டெல்லோ கடற்கரையில் அவன் சமைக்கும் உணவகத்துக்குக் குளிர்காலத்தில் ஆட்கள் வருவதில்லை. சும்மா இருந்த நாட்களில் இருநூறு யூரோ தோற்றான். தான் வேலை செய்யும் வீட்டுச் சின்யோரா கொடுத்துவிட்ட சட்டைகளை அயர்ன் பண்ணியபடி பின்னால் நின்று பார்த்த செல்வமலருக்கு, மோசமான சீட்டை எறிந்துவிட்டு விலக இவனால் முடியவில்லை என்பது ஒரு வாரத்திலேயே விளங்கியது. அறுபது யூரோவைக் கணக்கில் போட்டு, இரண்டு யூரோ கொடுத்து உட்காரும் மேசையில் அவள் தொடங்கினாள். தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டாள்: உட்காரப் போடும் காசைப்போல முப்பது மடங்கு கணக்கில் இருந்தால்தான் அந்த மேசைக்கு ஏறுவது, இருபது மடங்குக்குக் கீழே போனால் அன்றைக்கே ஒரு படி இறக்கம். பதின்மூன்று மாதத்தில் இருபத்தைந்து யூரோ மேசைவரை ஏறி, ஆயிரத்து முந்நூற்றுப் பத்து சேர்த்திருந்தாள். அவளுடைய அந்தக் கணக்கில்தான் இன்றைக்கு அவன் விளையாடியிருந்தான்.

"எந்த மேசை?"

"நூறு."

"ஐம்பதையே நான் இன்னும் தொடேல்லை."

"நூறிலை இருக்கிறவங்கள் காசுக்காரர், கவனமில்லாமல் காசை எறிவாங்கள் எண்டு நினைச்சன்."

"எறிஞ்சவங்களோ?"

அவன் ஒரே கோப்பையைத் திருப்பித் திருப்பிக் கழுவினான். முதல் நூறு போனது துரதிர்ஷ்டம். மற்ற எட்டும் அந்த முதல் நூறைத் திருப்பிப் பிடிக்கப் போனவை.

அவள் கத்தவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பத்து யூரோ மேசைகளின் பட்டியலைத் திறந்தாள். அவன் ஈரக்கையோடு ஓடிவந்தான்.

"என்ன செய்யிறீர்?"

"பத்துக்குப் போறன்."

"போன வருஷம் விட்டிட்டு வந்த இடமல்லோ அது. இருபத்தஞ்சிலையே இரும். நாலு நல்ல கை வந்தால் காணும்."

"நானூற்றிப்பத்துத்தான் கிடக்கு. இருபத்தஞ்சுக்கு ஐந்நூறாவது வேணும்."

"ஆக்கள் என்ன நினைப்பினம்?"

செல்வமலர் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "ஆர்?"

"அங்கை விளையாடுற ஆக்கள்."

"பக்கத்திலை இருக்கிறவன் ஆரோ பின்லாந்துக்காரன். நான் ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டே அவனுக்குத் தெரியாது. அவன் என்ன நினைப்பான், சொல்லுங்கோ பாப்பம்."

அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தான். "நீர் இறங்கிறது, நான் தோத்ததைச் சுவரிலை எழுதி வைக்கிற மாதிரிக் கிடக்கு."

"இது உங்களுக்குத் தண்டனை இல்லை, கணக்கு. எத்தனை தரம் சொல்லுறது?"

அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினாள். அவன் கோபித்துக்கொண்டு போய் மிச்சப் பாத்திரங்களைக் கழுவினான்.

பத்து யூரோ மேசை அலுப்பாக இருந்தது. எந்தச் சீட்டுக்கும் முழுக்காசையும் தள்ளுகிற அதே ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். சிலவேளை வென்றும் தொலைத்தார்கள். கணக்கு அறுநூற்று நாற்பதானபோது, இருபத்தைந்து யூரோ மேசையில் ஓர் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள். மவுஸ் அதன்மேல் நின்றது. ஒரு நிமிடம் தன்மேலேயே எரிச்சல் பட்டுவிட்டு அதை மூடினாள்.

ஜூலையில் எழுநூற்றைம்பது வந்தது. ஏறினாள். முதல் வாரத்திலேயே நூற்றியிருபத்தைந்து போனது. ஆனாலும் ஐந்நூறுக்கு மேல் இருந்ததால் பதறாமல் அங்கேயே இருந்தாள்.

ஜோக்கிம் டிப்ஸ் காசில் இருபது யூரோ போட்டுத் தனக்கென்று ஒரு கணக்குத் திறந்திருக்கிறான். வேலைக்குக் கிளம்புமுன் தினமும் வந்து நிற்கிறான்.

"இருபத்திநாலாச்சு. அஞ்சு யூரோ மேசைக்குப் போகட்டே?"

"அதுக்கு எவ்வளவு வேணும்?"

"நூற்றைம்பது."

"உங்களிட்டை எவ்வளவு கிடக்கு?"

"அதுதான் சொல்லுறனே, இருபத்திநாலு."

"ரெண்டு யூரோ மேசைக்கே அறுபது வேணும்."

"அதுக்குக் கீழை மேசை இல்லையே."

"இல்லை. அதாலைதான் உங்களை அங்கை விட்டு வைச்சிருக்கிறன்."

அவன் அதை யோசித்தபடி மொண்டெல்லோ பஸ்ஸைப் பிடிக்கப் போனான்.