ஆறு வரை எண்ணத் தெரிந்தவர்கள்

பிள்ளைகளைப் பாஸாக்க ஒரு பிரம்பு போதும். ஃபெயிலாக்குவதற்குத்தான் வாத்தியாருக்குச் சரக்கு வேண்டும். இந்த ஞானம் எனக்கு ஜப்பான்காரன் வந்த பிறகுதான் பிறந்தது. அதற்கு முன்னால் நான், தர்மலிங்கம், மலாயாவில் கரங்கானிலிருந்து மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். அங்கே இருந்த ஒரே ஆசிரியரும் நான்தான் என்பதை நானாக வலியப்போய் யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று பார்த்துத்தான் பள்ளிக்கூடத்துக்கு மானியம். அதனால் தேறாத பிள்ளை எனக்குப் பரம விரோதி. ஏழாம் வாய்ப்பாட்டில் ஒருவன் தடுமாறினால், என் சட்டைப் பையிலேயே கைவிட்டுவிட்டான் என்பது போலப் பாய்வேன். ஒரு வருஷம் தேர்ச்சியில் குலிம் வட்டாரத்துக்கே நம் பள்ளி முதலாவதாக வந்து, பெரிய இன்ஸ்பெக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அன்னிக்கு அந்தக் கையைக் கழுவ மனசு வராம இடது கையால சாப்பிடப் பாத்தீங்களே" என்று என் மனைவி குணவதி இன்றைக்கும் ஆள் வந்தால் சொல்வாள். பொய் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடினார். மானியமும் அவரோடு போயிற்று. ஆனால் பள்ளிக்கூட நிர்வாகக் குழு மட்டும் உடம்பில் கீறல் படாமல் பிழைத்துக்கொண்டது. தலைவர், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி மோரிஸ். செயலாளர் நான். பொருளாளர் பதவிக்கு ஒருவரும் போட்டியிடவில்லை, ஏனென்றால் எங்களிடம் இருந்த ஒரே சொத்து பள்ளிக்குப் பின்னால் பிள்ளைகள் நட்ட மரவள்ளிக்கிழங்குதான். மத்தியானம் அதைத்தான் வேகவைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தோம். எனக்கு மட்டும் மாதாமாதம் கொஞ்சம் அரிசி உண்டு. அதுவும் நான் நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் பாஷை, சொல்லிக்கொடுக்கிற வரைக்கும்தான்.

நிப்பொங்கோ எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். சுங்கைப் பட்டாணியில் மூன்று மாதம் படித்தேன். முதல் மாதம் முழுக்கக் குனியச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவது மாதம் எனக்கு இடுப்பு வலி. மூன்றாவது மாதம் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, நீயும் வாத்தியார் என்று அனுப்பிவிட்டார்கள். நேற்று நான் படித்ததை இன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். நாளைக்கு என்ன பாடம் என்று கேட்கிற பிள்ளையை மட்டும் எனக்குப் பிடிக்காது.

இந்த லட்சணத்தில்தான் சயாம் ரயில் வந்து சேர்ந்தது. சயாமில் தண்டவாளம் போட ஆள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக லாரி வந்தது. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்றார்கள். முதல் லாரியில் எங்கள் தோட்டத்திலிருந்து ராமையா போனான். ஒரு சேதியும் இல்லை. அங்கே ஆட்கள் ஈசல் மாதிரிச் சாவதை, தப்பி வந்த ஒருவன் கரங்கானில் உட்கார்ந்து சொல்லக் கேட்டபிறகு, சேதி வராததே மேல் என்று ஆகிவிட்டது. ராமையாவின் தங்கை ராக்காயி அதற்கப்புறம் லாரிச் சத்தம் கேட்டாலே புருஷனை ஆற்றோரப் புதருக்குள் தள்ளிவிடுவாள். அந்தப் புருஷன்தான் பக்கிரிசாமி.

வழி கண்டுபிடித்தது மோரிஸ் கிராணியார். நிப்பொங்கோ படிக்கிறவர்களைப் பாடம் முடியும் வரை சயாமுக்கு எடுக்க வேண்டாம் என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு உத்தரவு இருந்தது. படிக்கிறவனுக்கு இத்தனை வயதுதான் இருக்க வேண்டும் என்று அதில் ஒன்றும் இல்லை.

"சேத்துக்குங்க வாத்தியாரே. மீசை இருந்தா என்ன, அவனும் மாணவன்தான்" என்றார்.

ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டேன். மத்தியான வகுப்பில் சின்னப் பிள்ளைகளின் பலகைகளில் முழங்காலைத் தாடையில் முட்டக்கொடுத்து உட்கார்ந்தார்கள். பக்கிரிசாமிக்கு இடம் கிடைத்தது அவன் மகள் புஷ்பவள்ளிக்கு நேர் பின்னால். எட்டு வயசுப் பெண், வகுப்பிலேயே கெட்டிக்காரி. அப்பன் சிலேட்டில் எழுதுவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்புறம்தான் சிக்கல் புரிந்தது. பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இதே மாதிரி வகுப்பு நடந்தது. சோதனைக்கு வந்த ஜப்பான் அதிகாரி கேட்டதற்கெல்லாம் பெரியவர்கள் பட்பட்டென்று பதில் சொன்னார்கள். பாடம் முடிந்தது என்று அடுத்த வாரமே அத்தனை பேரையும் லாரியில் ஏற்றிவிட்டான். இன்னொரு தோட்டத்தில் ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. இது பள்ளிக்கூடம் இல்லை, ஏமாற்று என்று வகுப்பை மூடி, அங்கேயும் லாரி. ஆக, எங்கள் ஆட்கள் படிக்கவும் வேண்டும், முடிக்கவும் கூடாது. குலிம் வட்டாரத்தின் முதல் பள்ளியை நடத்திய பெரிய மனுஷன் இப்போது நடுவாந்தரமான பள்ளி ஒன்று நடத்திக் காட்ட வேண்டும். என் ஆயுசில் நான் பட்ட அவமானங்களில் இதற்குத்தான் முதல் இடம் என்று அப்போது நினைத்தேன். அதைவிடப் பெரியது பின்னால் வந்துகொண்டிருந்தது.

ஒத்திகை பார்த்தோம். ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னால் இச்சி, நீ, சான், ஷி, கோ, ரோக்கு. ரோக்கு என்றால் ஆறு. அதோடு நிற்க வேண்டும். தலையைச் சொறிய வேண்டும். பிறகு மலாயில் "லூப்பா, துவான்", மறந்துபோச்சு ஐயா என்று சொல்ல வேண்டும். முருகையா என்று ஒருவன், ரோக்கு சொல்லி, நின்று, அழகாகச் சொறிந்து, சொறிந்த கையோடு "ஷிச்சி" என்று ஏழையும் சொல்லிவிட்டான். விட்டேன் ஒரு அடி. ஏழு சொன்னதற்காக ஒரு மாணவனை நான் அடித்தது அதுதான் முதல் தடவை.

பிள்ளைகளிடம் இதைச் சொல்லவில்லை. சின்ன வாய், எங்கே போய்க் கொட்டுமோ தெரியாது. சொல்லாததால் பிள்ளைகள் பிள்ளைகளாகவே இருந்தார்கள். "உங்கப்பாவுக்கு ரோக்குக்கு மேல ஏறாதுலா" என்று புஷ்பவள்ளியைக் கேலி செய்தார்கள். எங்கள் பள்ளிக்குச் சோதனை அதிகாரி வர நாலு நாள் இருக்கும்போது பக்கிரிசாமி என்னைத் தேடி வந்தான்.

"வாத்தியாரய்யா, எம்புள்ள என்னைய மக்குன்னு நெனைக்குது."

"நெனைக்கட்டும்யா. அப்பன மக்குன்னு நெனைக்கிறதுக்கும் அப்பன் உசுரோட இருக்கணும்ல."

"அது அப்படி விடமாட்டேங்குதுங்கய்யா. சாயங்காலம் ஆனா அடுப்பு பக்கத்துல உக்கார வச்சுச் சொல்லிக்குடுக்குது. எனக்கு அம்பது வரைக்கும் தெரிஞ்சுபோச்சு."

அம்பதா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பதுக்கு மேல் எனக்கே புத்தகத்தைப் பார்க்க வேண்டும். "தெரிஞ்சத வயித்துக்குள்ள வச்சுக்க. ரோக்குலயே நில்லு" என்று அதட்டி அனுப்பினேன். போகும்போது அவன் முகம் சரியில்லை. அவனுடைய பிரச்சினையைப் பார்க்க விடாமல் எனக்கு அந்த ஐம்பது குறுக்கே நின்றது.

அதிகாரி பெயர் ஹமாதா. வந்தார், என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் குனிந்தேன், அது எனக்கு நன்றாக வரும். பிள்ளைகள் பாடினார்கள். பிறகு மீசைக்கார மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, ரோக்கு வரை வந்து, நின்று, சொறிந்தார்கள். முருகையாகூட ஒழுங்காகச் சொறிந்தான். ஹமாதா கொட்டாவி விட்டார். எந்த இன்ஸ்பெக்டரின் பாராட்டும் எனக்கு அந்தக் கொட்டாவி அளவுக்கு இனித்ததில்லை. ஓரமாக நின்ற மோரிஸ் கிராணியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

கடைசியாகப் பக்கிரிசாமி எழுந்தான். "இச்சி, நீ, சான், ஷி, கோ, ரோக்கு." நின்றான். கை தலைக்குப் போயிற்று. அப்போது புஷ்பவள்ளி திரும்பி அவனைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. சத்தமில்லாமல் உதடு அசைந்தது, அடுத்த எண்ணை எடுத்துக் கொடுத்தாள்.

தலைக்குப் போன கை கீழே இறங்கியது.

"ஷிச்சி" என்றான் பக்கிரிசாமி. "ஹாச்சி" என்றான். அப்புறம் அவனை யாரும் நிறுத்த முடியாது. பத்தைத் தாண்டி, இருபதைத் தாண்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஐம்பது வரை போய், காலை வணக்கம் மாலை வணக்கம் எல்லாம் சொல்லி நிறுத்தினான். அவன் பார்த்தது அதிகாரியை இல்லை, மகளை. அந்தப் பெண் கைதட்டியது. அதைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் தட்டினார்கள்.

"பாகூஸ்" என்று ஹமாதா எழுந்துவிட்டார். மலாயில் நல்லது என்று அர்த்தம். அன்றைக்கு எங்களுக்கு அதைவிடக் கெட்ட வார்த்தை இல்லை. "சுடா ஹாபிஸ்" என்று கிராணியாரைப் பார்த்துச் சொன்னார். இவன் படிப்பு முடிந்தது, அடுத்த லாரியில் அனுப்பு என்றார் மலாயில். கைதட்டல் இன்னும் நிற்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. "துவான்" என்று முன்னால் போய் நின்று, எனக்குத் தெரிந்த மலாயில் கத்தினேன். இவனுக்கு ஒன்றும் தெரியாது, வெறும் கிளிப்பிள்ளை, சொன்னதைச் சொல்லுகிறான், அர்த்தம் தெரியாத மடையன் என்றேன். அதுவும் போதாது என்று தோன்றியது. சொல்லிக்கொடுத்த எனக்கே நிப்பொங்கோ தெரியாது துவான், நானே ஒரு போலி வாத்தியார் என்றேன்.

ஹமாதா என்னை ஏற இறங்கப் பார்த்து, ஜப்பான் பாஷையில் நீளமாக ஏதோ கேட்டார். தெரியாத மாதிரி நடிக்க வேண்டும் என்று நான் முன்கூட்டியே முடிவு செய்திருந்தேன். நடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இன்னொரு தடவை மெதுவாகக் கேட்டார். மெதுவாகவும் புரியவில்லை. அதே கேள்வியைப் பக்கிரிசாமியிடம் கேட்டார். அவனும் விழித்தான். ஐம்பது வரை எண்ணுகிறவனுக்கு உன் பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்டால் தெரியுமா? அப்படி ஏதோதான் கேட்டிருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

நான் மறுபடி குனிந்தேன். குனிந்த வாக்கில் கன்னத்தில் ஒன்று விழுந்தது. என் மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ப் பலகைக்கு அடியில் விழுந்து உடைந்தது. "போடோ" என்றார், முட்டாள் என்று அர்த்தம். இந்த வகுப்பில் நடத்திய பாடம் எதுவும் செல்லாது, எல்லாரும் முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும், அடுத்த சோதனை வரை வாத்தியாருக்கு அரிசி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாடம் முடித்தவர்கள் யாரும் இல்லை. வட்டாரத்தின் முதல் வாத்தியார் இப்போது வட்டாரத்தின் கடைசி வாத்தியார். இந்த முறை கைகுலுக்கல் இல்லை, கன்னத்தோடு சரி.

பக்கிரிசாமி காலில் விழுவான் என்று எதிர்பார்த்தேனா? கொஞ்சம் எதிர்பார்த்தேன். வாசலில் நின்று, "எம்புள்ள முன்னாடி என்னைய மடையன்னுட்டீங்களே வாத்தியாரே" என்றான். எப்போதும் சேர்த்துச் சொல்லும் 'ஐயா'வைக் காணோம். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. உன் உயிருக்காக என் அரிசி போயிற்றடா என்று பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லத் துடித்தேன். கண்ணாடி இல்லாமல் ஓடினால் சாக்கடையில் விழுவேன் என்பதால் ஓடவில்லை.

மறுநாள் காலையில் ராக்காயி மடியில் நாலு மரவள்ளிக்கிழங்கைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து குணவதியிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவரு பேசினத மனசுல வச்சுக்காதீங்கய்யா. புள்ளகிட்ட நான் எல்லாஞ் சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"எங்கண்ணன், அது மாமன், எங்க போச்சுன்னு சொன்னேன்."

அன்று மத்தியானம் வீங்கின கன்னத்தோடு வகுப்புக்குப் போனேன். பக்கிரிசாமி வந்திருந்தான், ஆனால் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தேன். கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் திறந்தேன். வழக்கம்போல முதலில் புஷ்பவள்ளியைத்தான் எழுப்பினேன். நூறு வரை எண்ணுகிற பெண், அவளைப் பார்த்து மற்றவர்கள் சொல்லட்டும் என்று.

"இச்சி, நீ, சான், ஷி, கோ, ரோக்கு" என்றாள்.

நின்றாள். மூச்சு வாங்குகிறாளாக்கும் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகக் கையைத் தூக்கித் தலையைச் சொறிந்தாள்.

"லூப்பா, துவான்" என்றாள்.

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. பின்னால் பக்கிரிசாமி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது, அழுகிறானா சிரிக்கிறானா என்று கண்ணாடி இல்லாத எனக்குத் தெரியவில்லை. என் முன்னால் மேசைமேல் பிரம்பு கிடந்தது.

"உக்காரும்மா" என்றேன்.